அத்தை பாடினார், காமிரா கேட்கவில்லை!

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. என் மாமியாரைக் கூடத்து ஊஞ்சலில் உட்கார வைத்து, புடவைத் தலைப்பில் குண்டுமணி மாதிரி ஒரு மைக்கைக் குத்தி, 50 நிமிஷம் பாட வைத்தேன். தாலாட்டு, நலங்கு, ஊஞ்சல் பாட்டு, சம்பந்தியைக் கேலி செய்யும் பாட்டு என்று 82 வயசில் மனுஷி மூச்சு வாங்க வாங்கப் பாடினார். சாயங்காலம் டி.வி.யில் போட்டுப் பார்த்தால், உதடு அசைகிறது, கை தாளம் போடுகிறது, சத்தம் மட்டும் இல்லை!

"ஏம்மா, ஊமைப் படமா எடுத்தே?" என்று அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த புதன்கிழமை அவருக்குத் தைராய்டு ஆபரேஷன். குரலை இயக்கும் நரம்பு அந்தச் சுரப்பியின் பின்பக்கத்தை ஒட்டியே ஓடுகிறதாம். எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாலும் சில பேருக்குக் குரல் கொஞ்ச நாள் கம்மும், சில பேருக்கு மேல் ஸ்தாயி எட்டாமலே போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால்தான் இந்த அவசரமே.

மறுநாள் சமையலை முடித்த கையோடு காமிராவையும் மைக்கையும் மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். மிக்ஸி ஓடாவிட்டால் நாம் என்ன செய்வோம்? முதலில் ப்ளக்கைப் பார்ப்போம், அப்புறம் ஸ்விட்ச், அதற்கும் அப்புறம்தான் ரிப்பேர்காரர். இதுவும் அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆயிற்று.

ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வெளி மைக்கின் ப்ளக்கைச் செருகியதுமே காமிரா தன் சொந்தக் காதை மூடிக்கொண்டு விடும். அப்புறம் வெளி மைக் தருவதுதான் பதிவாகும். அது செத்துக் கிடந்தால் பதிவும் மௌனம்தான். "மைக் சரியில்லாவிட்டாலும் காமிராவில் இருப்பது கொஞ்சமாவது பிடித்திருக்குமே" என்று நான் நினைத்தது அங்கேதான் தப்பு.

காமிராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடியைத் திறந்தால் பல மாடல்களில் ஒரே அளவில் இரண்டு துளைகள் இருக்கும். மைக் படம் போட்டது ஒன்று, ஹெட்போன் படம் போட்டது இன்னொன்று. கண்ணாடி போடாமல் செருகினால் இடம் மாறிவிடும்; எனக்கு மாறியதும் உண்டு. ப்ளக்கை 'க்ளிக்' என்று உட்காரும் வரை அழுத்த வேண்டும். முக்கால்வாசி செருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கும், அல்லது கரகரக்கும். கேனான் 1500டி, நிக்கான் டி3500 மாதிரி சில காமிராக்களில் மைக் துளையே கிடையாது. அதைப் பார்க்காமல் மைக் வாங்கிவிட்டுக் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

அடுத்து, ப்ளக்கின் உலோகத் தண்டில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். காமிராவுக்கு உரியதில் இரண்டு வளையம். செல்போனுக்கு உரியதில் மூன்று. மூன்று வளையக்காரர் காமிராவில் பல சமயம் ஊமையாக இருப்பார், இல்லாவிட்டால் இரைச்சல் போடுவார். இரண்டுக்கும் நடுவே செருகுகிற சின்ன அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது.

வளையம் சரியானால் பாட்டரி. இந்தக் குண்டுமணி மைக்குக்கு எலெக்ட்ரெட் மைக் என்று பெயர். 1962ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் உருவாக்கியது. அதன் மெல்லிய தகட்டில் மின்னூட்டம் நிரந்தரமாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் குட்டி ஆம்ப்ளிஃபயருக்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். சில மைக்குகளுக்கு அதைக் காமிராவே கொடுத்துவிடும். மெனுவில் அதற்கென ஒரு வரி இருந்தால் அது 'ஆன்' ஆகியிருக்க வேண்டும். மற்றவற்றுக்குக் கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற பொத்தான் பாட்டரி.

என் மைக்கின் வயர் நடுவில் தீப்பெட்டியில் பாதி அளவு ஒரு டப்பா. அதில் ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினால் செல்போன், பாட்டரி வேலை செய்யாது. மறு பக்கம் தள்ளினால் காமிரா. வியாழக்கிழமை முழுவதும் அது போன் பக்கத்திலேயே இருந்திருக்கிறது! கட்டைவிரல் நகத்தால் தள்ளினேன், திரையில் இருந்த ஒலிக்கோடு துள்ளிக் குதித்தது. அந்த 50 நிமிஷத்தை நினைத்து எனக்கு அழுகைதான் வந்தது.

நீங்கள் இப்படி ஏமாறாமல் இருக்க ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். மைக்கின் தலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். ஒலிக்கோடு ஆடினால் மைக் உயிரோடு இருக்கிறது. ஆடாமல், பக்கத்தில் விரலைச் சொடுக்கினாலும் அசையாமல் இருந்தால் மெனுவில் ஒலிப்பதிவே நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேரன் 'ஸ்லோ மோஷன்' வைத்து விளையாடிவிட்டு அப்படியே விட்டிருந்தாலும் பல காமிராக்களில் சத்தம் பதிவாகாது. பிறகு பத்து விநாடி பேசி, எடுத்ததைப் போட்டுக் கேட்டுவிட்டே பெரியவர்களைப் பாடச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தோம். குரல் வந்தது, கூடவே "ம்ம்ம்..." என்று ஒரு ரீங்காரம். காமிராவைச் சார்ஜரில் மாட்டியிருந்ததுதான் காரணம், கழற்றியதும் நின்றது. அத்தை மூச்சு விட நிறுத்தும் போதெல்லாம் "உஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல் மேலெழுந்தது. சத்தம் குறைந்தால் காமிரா தானாகவே காதைக் கூர்மையாக்கிக்கொள்கிறதாம்! 'ஆட்டோ'வை மாற்றி, அத்தை உச்சத்தில் பாடும்போது கோடு -12ஐ ஒட்டி நிற்கும்படி கையால் வைத்தேன். சிவப்பைத் தொட்டுவிட்டால் குரல் உடைந்துவிடும், அதை அப்புறம் சரி செய்யவே முடியாது. மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே, தாலிச் சங்கிலி உரசாத இடத்தில். பக்கத்தில் என் செல்போனையும் தனியாகப் பதிவு செய்ய வைத்தேன். ஒரு தடவை கையைத் தட்டிவிட்டு ஆரம்பித்தால், பின்னால் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் சத்தத்தையும் பொருத்திக்கொள்ளலாம். ஒரு முறை சூடு பட்டவளுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் 31 பாட்டு சேர்ந்தது. வியாழக்கிழமை பாடியதில் இரண்டு மட்டும் அத்தைக்குத் திரும்ப நினைவுக்கு வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேச்சு இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டது, மேல் ஸ்தாயி இன்னும் வரவில்லை. போன வாரம் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, பதிவான நலங்குப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று கழற்றினார்.

"இந்த இடத்துல ஒரு அடி விட்டுட்டேனேம்மா! கீழ் ஸ்தாயியிலே பாடினாலும் பரவாயில்லே, அந்தக் குண்டுமணியை எடுத்துட்டு வா. ஸ்விட்சைப் பாத்துத் தள்ளு!"