கேமரா இல்லாத போரைப் படம் பிடிப்பது எப்படி?

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் உள்ள புள்ளலூர். கர்னல் வில்லியம் பெய்லி நடத்தி வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். கம்பெனி வீரர்கள் நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். பெய்லி கைதியாக ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். உலகின் முதல் புகைப்படம் எடுக்கப்பட இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில் தொலைக்காட்சி பார்ப்பவருக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல. அவர் ஊருக்கு வடக்கே, காஞ்சியைத் தாண்டினால் புள்ளலூர். தென்மேற்கே வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியை பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் தோற்கடித்த களம் அது. இரண்டு போர்களிலும் கேமரா இல்லை. ஆனாலும் ஆவணப்படங்கள் இப்படிப்பட்ட போர்களைப் புகையும் புழுதியுமாக நம் கண்முன் நிறுத்துகின்றன. எப்படி?

முதலில் ஒரு கணக்கு. நம் ஊர்த் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படச்சட்டங்கள் ஓடுகின்றன. படச்சட்டம் என்பது அசையாத ஒற்றைப் படம். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு அப்படி 90,000 படங்கள் வேண்டும். புள்ளலூருக்குக் கையில் இருப்பதோ ஒரு சுவரோவியம், அதைச் சார்ந்த சில தாள் ஓவியங்கள், உயிர் பிழைத்தவர்களின் குறிப்புகள், ஒரு வயல்வெளி. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு 90,000 படங்களை நிரப்புவதில்தான் இந்தக் கலையின் சாமர்த்தியம் இருக்கிறது.

சுவரோவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகையில் இருக்கிறது. மாளிகை 1784-ல் எழுந்தது. இதே காட்சியைப் பத்துத் தாள்களில், ஏறக்குறைய 32 அடி நீளத்துக்கு வரைந்த ஓவியம் ஒன்று 2022-ல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு விலைபோனது. ஓவியத்தின் நடுவே பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கிறார். அவரைச் சுற்றிச் சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுர வியூகம் கட்டி நிற்கிறார்கள். அருகே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. ஆயிரம் வார்த்தை பேசவேண்டிய இடத்தில் அந்த ஒரு விரல் போதும். கேமரா முதலில் அந்த விரலைக் காட்டி, மெல்லப் பின்வாங்கிப் பல்லக்கை, வியூகத்தை, வளைத்து நிற்கும் குதிரைப் படையைக் காட்டினால், அசையாத ஓவியம் கதை சொல்லத் தொடங்கிவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1990-ல் கென் பர்ன்ஸ் எடுத்த தொடர் இந்த உத்தியால்தான் புகழ்பெற்றது. பழைய புகைப்படங்களின் மேல் கேமராவை ஊரவிட்டே அவர் பதினொரு மணி நேரத் தொடரின் பெரும்பகுதியை நகர்த்தினார்.

இப்போது ஓவியத்துக்கு ஆழமும் வந்துவிட்டது. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்துப் பனைமரம் சட்டென்று ஓடும், தூரத்துக் குன்று நம்மோடு கூடவே வரும். அருகில் இருப்பது வேகமாகவும் தொலைவில் இருப்பது மெதுவாகவும் நகர்வதுபோல் தெரிவதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். ஓவியத்தில் உள்ள யானை, குதிரை, வீரன், வானம் ஒவ்வொன்றையும் கணினியில் தனித்தனியே வெட்டி, அடுக்கடுக்காக வைத்து, வெவ்வேறு வேகத்தில் நகர்த்துகிறார்கள். தட்டையான சுவருக்குள் நாம் நுழைந்துவிட்டதாக மூளை நம்பிவிடுகிறது.

அடுத்தது நிலம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து, உலக நிலப்பரப்பில் 80 சதவீதத்தின் மேடுபள்ளங்களை ரேடாரால் அளந்தது. அந்த அளவீட்டில் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரு உயரம் கிடைக்கும். நம் கணக்கில் 22 சென்ட் நிலத்துக்கு ஒரு எண். மலைநாட்டுப் போருக்கு இது தாராளம். காஞ்சிபுரத்துச் சமவெளியில் போதாது. இங்கே பீரங்கியை மறைப்பது ஏரிக்கரையும் வரப்பும்தான். அதனால் ட்ரோனில் லைடார் கருவியைக் கட்டி அனுப்புகிறார்கள். லேசர் ஒளியைத் தரையில் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும் கருவி அது. ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். அவ்வளவு நுட்பமான கடிகாரம் இருப்பதால்தான் ஏரிக்கரை துல்லியமாகத் தெரிகிறது. பிறகு நீக்கும் வேலை. மின்கோபுரம் போக வேண்டும், தார்ச்சாலை போக வேண்டும். சீமைக் கருவேலமும் போக வேண்டும். 1780-ல் அது நம் மண்ணுக்கே வரவில்லை.

களம் தயார். படை எங்கே? ஆயிரம் துணை நடிகர்களுக்குச் சோறு போட எந்த ஆவணப்படத்துக்கும் கட்டாது. ஐம்பது பேர் போதும். கேமராவை அசையாமல் நிறுத்தி, அவர்களை இருபது இடங்களில் மாற்றி மாற்றி நிற்க வைத்துப் படம்பிடித்து ஒன்றாக இணைத்தால் ஆயிரம் பேர் நிற்பார்கள். இன்னும் பெரிய படைக்கு மென்பொருள் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கணினி வீரனும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, ஓடுவதா நிற்பதா என்று தானே முடிவெடுக்கிறான்.

ஒலி இல்லாமல் போர் இல்லை. குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்குச்சியைத் தட்டுவது ஒலிக்கலைஞர்களின் பழைய வித்தை. இதில் இயற்பியலும் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடிக்கும் பீரங்கியின் பளிச்சொளி தெரிந்து மூன்று நொடி கழித்தே முழக்கம் கேட்க வேண்டும். அன்று பெரும்படையோடு காஞ்சியில் இருந்தார் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ. புள்ளலூர் முழக்கம் அவர் முகாமை எட்ட முக்கால் நிமிடம் ஆகும். அவரோ நேரத்தில் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இடைவெளியைச் சரியாகக் கேட்கவைக்கும் படம், தூரத்தையும் தாமதத்தையும் ஒரே நேரத்தில் உணர்த்திவிடும்.

கேமரா வந்த பிறகு நடந்த போர்களுக்கு வேறு சிக்கல். முதல் உலகப் போரில் கேமராக்காரர்கள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நொடிக்குப் பத்து முதல் பதினெட்டு படங்களே எடுத்தார்கள். அதை இன்றைய வேகத்தில் ஓட்டினால் வீரர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். 2018-ல் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் பிரிட்டிஷ் போர் அருங்காட்சியகத்தின் படச்சுருள்களை எடுத்து, இடையில் இல்லாத படங்களைக் கணினியால் உருவாக்கி நிரப்பினார். வண்ணம் சேர்த்தார். உதட்டசைவு படிக்கும் நிபுணர்களைக் கொண்டு ஊமைப்பட வீரர்கள் பேசியதைக் கண்டுபிடித்து, நடிகர்களின் குரலில் பேசவைத்தார். நூறு ஆண்டு மௌனம் கலைந்தது.

கடினமான வேலை இனிமேல்தான். புள்ளலூரில் வெடிமருந்து வண்டி வெடித்தது உறுதி. வெடிக்க வைத்தது மைசூர் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா? சொல்பவர்கள் இரண்டுவிதமாகவும் சொல்கிறார்கள். ராக்கெட் இருந்ததில் ஐயமில்லை. 2018-ல் கர்நாடகத்தின் நகரா ஊரில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் கிடைத்தன. அவற்றை அளந்து அச்சாக மாதிரி செய்யலாம். ஆனால் அந்த ராக்கெட் வண்டியின்மேல் விழுவதாக அரை நொடி காட்டினாலும், பார்த்தவர் மனத்தில் அது வரலாறாக உறைந்துவிடும். நல்ல இயக்குநர் என்ன செய்வார்? வெடிப்பைத் தொலைவிலிருந்து காட்டுவார், காரணத்தைப் புகைக்குள் விட்டுவிடுவார், இரண்டு சாத்தியங்களையும் பின்னணிக் குரலில் சொல்வார். ஓவியத்தையும் அப்படித்தான் கையாள வேண்டும். அது வென்றவர் வரையச் சொன்ன ஓவியம் என்பதை ஒரு வரியிலாவது பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டும்.

தொழில்நுட்பம் எதையும் காட்டும். எதைக் காட்டாமல் விடுவது என்று தெரிந்த படமே நல்ல ஆவணப்படம். அடுத்த முறை ஒரு போர்க்காட்சி உங்களைச் சிலிர்க்க வைத்தால், இதில் சான்று எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்துப் பாருங்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் அவர்களைப் புள்ளலூருக்கு அழைத்துப் போங்கள். அதே மண்ணில் 1781-ல் நடந்த அடுத்த போரில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் அங்கே நிற்கின்றன.