உங்களுக்குத் தெரியுமா? காருக்குள் இனிப்பு வாசனை வந்தால்...

காருக்குள் பாகு காய்ச்சியதுபோல் இனிப்பு வாசனை வருகிறதா? பெரும்பாலும் அது கூலன்ட் கசிவுதான். கூடவே முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படலம் படிந்தால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். பல கூலன்ட்களில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அது நஞ்சு, ஆனால் இனிக்கும். தரையில் சொட்டியதை நாயோ பூனையோ நக்கினால், சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். கண்டதும் துடைத்துக் கழுவிவிடுங்கள், தயவுசெய்து. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது பேட்டரி அளவுமீறி சார்ஜ் ஆகலாம். பேட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜனும் வரும். அருகே பீடி, தீக்குச்சி வேண்டாம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கருகல் வாடை அடித்தால் பிரேக் காய்கிறது. ஓரங்கட்டி ஆறவிடுங்கள். பிறகு கியரைக் குறைத்து இறங்குங்கள்.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கோ மணமே கிடையாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கினால் உயிரே போகலாம்.