கல்லூரிகளில் ஏற்புடைய கணினிப் பயன்பாட்டுக் கொள்கை

ஏற்புடைய பயன்பாட்டுக் கொள்கை என்பது ஒரு கணினி வலையமைப்பை யார், எதற்காக, எந்த வரம்புக்குள் பயன்படுத்தலாம் என்பதை எழுத்து வடிவில் வரையறுக்கும் ஆவணம் ஆகும். கல்லூரிகளில் இது கணினி ஆய்வகம், நூலகம், விடுதி, கம்பியில்லா இணைப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும். பயனர் கணக்கு வழங்கப்படும்போது மாணவர், ஆசிரியர், அலுவலர் ஆகியோரிடம் இதற்கு ஒப்புதல் பெறுவது வழக்கம். பலர் பகிரும் வளத்தை ஒருவர் பிறருக்குக் கேடு விளையாமல் பயன்படுத்த வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1980களில் அமைத்த என்.எசு.எஃப்.நெட் என்னும் வலையமைப்பின் பயன்பாட்டுக் கொள்கை, இவ்வகை விதிகளுக்கு ஒரு முன்னோடியாகும். பொதுப்பணத்தில் இயங்கிய அவ்வலையமைப்பு ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டுமே உரியது என்றும், வணிகப் பயன்பாடு ஏற்புடையதன்று என்றும் அக்கொள்கை கூறியது. அதன் முதுகெலும்பு இணைப்பு 1995 ஏப்ரலில் மூடப்பட்டது.

1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மொரிசு இணையத்தில் விட்ட கணினிப் புழு பல்லாயிரம் கணினிகளை முடக்கியது. ஒரு மாணவரின் செயல் கல்லூரி மதிலைத் தாண்டியும் பரவும் என்பதை இது உணர்த்தியது.

இந்தியாவில் 1986 இல் மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்னெட் வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் இதில் பங்கேற்றன. பொதுமக்களுக்கான இணைய சேவை 1995 ஆகத்து 15 இல் தொடங்கியது. 2009 இல் தொடங்கிய தேசியக் கல்வித் திட்டமொன்றின் கீழ், கல்லூரிகளின் இணைப்புச் செலவில் 75 விழுக்காட்டை நடுவண் அரசு ஏற்றது. தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010 மார்ச்சில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

வழக்கமான உள்ளடக்கம்

ஒரு கல்லூரிக் கொள்கையில் பொதுவாகப் பின்வருவன இடம்பெறும்.

- கணக்கும் கடவுச்சொல்லும்: ஒருவரின் கணக்கை மற்றவர் பயன்படுத்தலாகாது. கணக்கின் வழி நிகழும் செயலுக்கு அதற்குரியவரே முதலில் விளக்கம் தரவேண்டியவர்.
- பாதுகாப்பு: நச்சுநிரல் பரப்புதல், பிறர் கோப்புகளைத் திறத்தல், தடுப்புச் சுவரைச் சுற்றிச் செல்லுதல் ஆகியவை தடைசெய்யப்படும்.
- பதிப்புரிமை: உரிமமற்ற மென்பொருள், திரைப்படங்கள் முதலியவற்றை நிறுவுவதும் பகிர்வதும் கூடாது.
- நடத்தை: துன்புறுத்தல், ஆள்மாறாட்டம், எரிதம் அனுப்புதல் ஆகியவை குற்றமாகக் கொள்ளப்படும்.
- அலைவரிசை: பெருங்கோப்புகளைத் தரவிறக்கும் நேரம், அளவு.
- நடவடிக்கை: எச்சரிக்கை, கணக்கு இடைநிறுத்தம், விசாரணை, மேல்முறையீடு.

அலைவரிசை விதிக்கான காரணம் எளிமையானது. நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பை 50 கணினிகள் ஒரே நேரத்தில் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 200 கிலோபிட் மட்டுமே கிடைக்கும். அவற்றுள் ஒன்று திரைப்படமொன்றைத் தரவிறக்கத் தொடங்கினால் மற்ற 49 பேரின் வேலையும் தளரும்.

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதி

இராமநாதபுரம் மாவட்டத்தில் இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, கீழக்கரை முகமது சதக் பொறியியல் கல்லூரி (1984), தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி (1988), இராமநாதபுரம் செய்யது அம்மாள் பொறியியல் கல்லூரி (1998) முதலியவை உள்ளன. இத்தகைய பகுதியில் "கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்னும் ஒற்றை வரி விதி போதாது. அதற்குப் பின்வரும் சூழல்கள் காரணமாகின்றன.

முதலாவது, தொலைவு. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். பேருந்திலோ தொடர்வண்டியிலோ பாம்பன் கடந்து வந்து திரும்பும் மாணவர் மாலை நேர ஆய்வகத்தைப் பயன்படுத்த இயலாது. பெருங்கோப்புகளை இரவில் மட்டும் தரவிறக்கலாம் என்னும் விதி விடுதி மாணவருக்கே பயன் தரும்.

இரண்டாவது, வெளிநாட்டுத் தொடர்பு. கீழக்கரை உள்ளிட்ட ஊர்களில் வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரின் குடும்பங்கள் பல உள்ளன. இந்தியாவில் 2002 ஏப்ரல் முதல் இணையவழித் தொலைபேசி அனுமதிக்கப்பட்டது. குரல், நிகழ்பட அழைப்புகளை முற்றிலும் பொழுதுபோக்கு என வகைப்படுத்தித் தடுத்தால், விடுதியில் தங்கும் மாணவர் தந்தையுடன் பேசுவதும் விதிமீறலாகிவிடும்.

மூன்றாவது, கடல். ஐதராபாத்தில் 1999 இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்று, மீன்வளம் மிகுந்த இடங்கள் ஆகியவை பற்றிய முன்னறிவிப்புகளை இணையத்தில் வெளியிடுகிறது. மீனவக் குடும்பத்து மாணவர் ஒருவர் கல்லூரிக் கணினியில் அதைப் பார்ப்பது பாடத்திட்டத்தில் இல்லை; ஆயினும் அதனால் எவருக்கும் கேடில்லை.

உதவித்தொகை, அரசுப்பணித் தேர்வு ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களும் இவ்வாறானவையே. வீட்டில் கணினி இல்லாத மாணவருக்குக் கல்லூரிக் கணினியே இவற்றுக்கான வழி. எனவே பாடத்துக்குத் தொடர்பற்றது என்பதையும் பிறருக்குக் கேடு விளைவிப்பது என்பதையும் கொள்கை வேறுபடுத்திக் காட்டுவது தேவையாகிறது. முன்னதற்கு நேர வரம்பு போதும். பின்னதற்கே தடையும் தண்டனையும் பொருந்தும்.

சட்டப் பின்னணி

கல்லூரி விதிகளுக்கு அப்பால், சில செயல்கள் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் கீழ்க் குற்றங்களாகும்.

- பிரிவுகள் 43, 66: அனுமதியின்றிக் கணினியை அணுகுதல், தரவை எடுத்தல், நச்சுநிரல் புகுத்துதல். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருப்பின் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.
- பிரிவு 66சி: பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துதல். 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமும்.
- பிரிவு 66இ: ஒருவரின் அந்தரங்கப் படத்தை இசைவின்றி எடுத்தல் அல்லது பரப்புதல். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

இணையத்தில் "புண்படுத்தும்" செய்திகளைத் தண்டித்த பிரிவு 66ஏ-ஐ, தெளிவற்றது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. "தகாத செய்தி" எனப் பொருள் விளக்காமல் எழுதப்படும் கல்லூரி விதிகளிலும் இதே குறை காணப்படும்.

கண்காணிப்பும் தனியுரிமையும்

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு வெளியிட்ட பணிப்புரை, அதற்கு உட்பட்ட அமைப்புகள் பதிகைகளை 180 நாட்கள் பேணவும், பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் கோருகிறது. பதிகை என்பது எந்தக் கணக்கு எப்போது எந்த வழங்கியை அணுகியது என்னும் குறிப்பாகும். மடலின் உள்ளடக்கத்தைப் படிப்பது இதனின்றும் வேறானது. எவை பதிவாகின்றன, யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பவற்றைக் கொள்கை வெளிப்படையாகக் கூறுவது நல்ல நடைமுறை.

கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசியை ஒப்படைக்க வேண்டும் என்னும் விதியை ஏற்காத மாணவி வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் எனக் கூறி அவரை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. இத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது எனினும் எடுத்துக்காட்டத் தக்கது. பிறருக்குத் தொல்லை தரும் பயன்பாட்டைக் கல்லூரி தடுக்கலாம் என்பதை அது மறுக்கவில்லை.

மொழி

இக்கொள்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தமிழ்வழியில் பயின்று வரும் முதலாண்டு மாணவர், தாம் கையொப்பமிடும் விதிகளைப் புரிந்துகொள்ளத் தமிழ் வடிவமும் தேவை. விதியை அறியாத ஒருவரிடமிருந்து பெறும் ஒப்புதல் பெயரளவிலானதே.

இவற்றையும் பார்க்க

- கணினிப் பாதுகாப்பு
- தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000
- தனியுரிமை
- இராமநாதபுரம் மாவட்டம்