நத்தை தன் ஓட்டைவிட்டு வெளியே வருமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பள்ளிச் சுற்றுச்சுவரில் நத்தைகள் ஏறத் தொடங்கிவிடும். அவற்றைக் கண்டதும் சில மாணவர்கள் ஓட்டிலிருந்து பிடித்து இழுப்பார்கள். சிலர் சத்துணவுக் கூடத்திலிருந்து உப்பு வாங்கிவந்து தூவுவார்கள். "நத்தை வீட்டைச் சுமந்துகொண்டு போகிறது" என்று தொடக்க வகுப்புகளில் சொல்வது வழக்கம். வீடு என்றால் வெளியே வரலாம்தானே என்று குழந்தை நினைப்பதில் வியப்பில்லை. அதனால் நத்தைப் பாடத்தை நான் ஓட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓடு நத்தையின் உடலுறுப்பு. உடலைப் போர்த்தியுள்ள மேன்டில் என்னும் மென்தோல் சுரக்கும் கால்சியம் கார்பனேட்டால் அது உருவாகிறது. இதயமும் செரிமான உறுப்புகளும் ஓட்டுக்குள்தான் உள்ளன. ஓட்டின் நடுத்தண்டோடு ஒரு வலுவான தசை உடலைப் பிணைத்திருக்கிறது. நத்தை உள்ளே சுருங்குவது இத்தசையால்தான். இழுத்துப் பிரித்தால் உறுப்புகள் கிழிந்து நத்தை இறந்துவிடும். முட்டையிலிருந்து வரும்போதே குஞ்சுக்குச் சிறு ஓடு உண்டு. அதுவே பின்னர் சுருளின் நுனியாக நிற்கிறது. வளர வளர வாய்ப்பகுதியில் புதிய ஓடு சேர்கிறது.

தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள் உள்ளன. நிலநத்தைக்கு மேல்கொம்புகளின் நுனியில் கண்கள் இருக்கும். கீழ்க்கொம்புகள் தொட்டும் முகர்ந்தும் அறிய உதவும். வாயினுள் உள்ள ராடுலா என்னும் நாடாவில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசையாக உள்ளன. இலையை அரம்போல் சுரண்டித் தின்ன இது உதவுகிறது. வயிற்றுப்புறத் தசையே கால். அதனால்தான் இவ்வகுப்புக்கு வயிற்றுக்காலிகள் என்று பெயர்.

நத்தையின் தோல் எப்போதும் ஈரமானது. உப்பைத் தூவினால் சவ்வூடு பரவலால் உடல்நீர் வெளியேறுகிறது. நத்தை மேலும் மேலும் கோழையைச் சுரந்து, நீரிழந்து இறக்கிறது. உருளைக்கிழங்குத் துண்டில் உப்பிட்டு நீர் வெளியேறுவதைக் காட்டினால் மாணவர்களே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். அதன்பின் உப்பை மறைத்துவைக்கத் தேவையிருப்பதில்லை.

வயல் நத்தையையும் ஒப்பிட்டுக் காட்டலாம். ஆப்பிள் நத்தை எனப்படும் பைலாவுக்குச் செவுள், நுரையீரல் அறை இரண்டும் உண்டு. வாயை அடைக்க மூடியும் உண்டு. ஆண், பெண் தனித்தனி. சுவரில் ஏறும் நிலநத்தைகளில் பெரும்பாலானவை நுரையீரலால் மட்டுமே சுவாசிப்பவை, மூடியற்றவை, இருபால் உயிரிகள். வறட்சியில் அவை ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் அடைத்துக்கொண்டு உறங்கும்.

பெரிய பழுப்பு நத்தை கண்ணில் பட்டால் கவனம் தேவை. அது 1847-இல் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க ராட்சத நத்தையாக இருக்கலாம். 20 செ.மீ. வரை வளரும்; ஒரு தடவையில் 100-க்கும் மேற்பட்ட முட்டைகள் இடும்; பயிர்களை அழிக்கும். மனிதருக்கு மூளைச்சவ்வு அழற்சி உண்டாக்கும் ஒருவகை எலிப் புழுவின் இளநிலைகள் அதன் உடலில் இருக்கக்கூடும். அதைப் பிடித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் விடக் கூடாது.

ஆகவே எந்த நத்தையையும் மாணவர்கள் வெறுங்கையால் தொட வேண்டாம். ஆசிரியரே கையுறையணிந்து, துளையிட்ட மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஈர இலையோடு விடலாம். கண்ணாடியில் ஏறும்போது காலின் அடியில் தசையலைகள் பின்னிருந்து முன்னோக்கி நகர்வது தெளிவாகத் தெரியும். வலப்புறம், ஓட்டின் விளிம்பருகே, சுவாசத்துளை திறந்து மூடுவதையும் பார்க்கலாம். கொதிநீரில் கழுவிய காலி ஓட்டைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் நடுத்தண்டு வெளிப்படும். இன்னொரு ஓட்டை வினிகரில் இட்டால் குமிழிகள் எழும். அமிலப் பாடத்துக்கும் அது உதவும். முடிந்ததும் அனைவரும் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும்.

பார்த்ததை வரையச் சொல்லுங்கள். ஓட்டையும் உடலையும் தனித்தனியே வரையாமல் ஒன்றாக வரைந்த குழந்தைக்குப் பாடம் புரிந்துவிட்டது.