நெல்லுக்குள் ஒளிந்திருக்கும் பன்றிநெல்

பன்றிநெல், பயிர்நெல்லின் அதே இனத்தைச் சேர்ந்த களை. இலங்கையில் 1990களின் தொடக்கத்தில் அம்பாறை, வவுனியா பக்கங்களில் அடையாளம் காணப்பட்டு, பின்னர் நெல் விளையும் மாவட்டங்கள் பலவற்றுக்கும் பரவியது. கொட்டியாரக் குடாவை அண்டிய கட்டைபறிச்சான் போன்ற ஊர்களில் பெரும்போகத்துக்கு நெல்லை வீசி விதைப்பதே பெருவழக்கு. இக்களைக்கு இதைவிட வாய்ப்பான முறை வேறில்லை. நாற்று நட்ட வயலில் வரிசை தப்பி நிற்பது உடனே கண்ணில் படும். விதைத்த வயலில் எது பயிர், எது களை என்று யார் சொல்வது?

முளைப்பருவத்தில் பழகிய கண்ணுக்கும் இது பிடிபடாது. குதிரைவாலிப் புல்லும் நெல்லைப் போலத்தான் தோன்றும். ஆனால் இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்குள்ள மெல்லிய நாக்கு அதற்கு இல்லை, பார்த்துப் பிடுங்கிவிடலாம். பன்றிநெல்லுக்கோ அந்த நாக்கும் உண்டு. தூர் கட்டிய பின்னர்தான் வேற்றுமை தெரியும்: பெரும்பாலும் பயிரை மீறி உயரும், முந்திக் கதிர் தள்ளும். மணியில் பலவேளை நீண்ட கூர் இருக்கும், அரிசி சிவந்திருக்கும். சிவப்பரிசி இனங்கள் விளையும் நாட்டில் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. நம்பத்தக்கது உதிர்வு: முற்றிய கதிரைத் தடவினால் மணிகள் பொலபொலவெனக் கொட்டும்.

தொல்லையின் மூலமும் அதுவே. அறுவடைக்கு முன்பே மண்ணில் விழும் மணிகள் ஒரேயடியாக முளைப்பதில்லை. உறங்கிக் கிடந்து, போகத்துக்குப் போகம் சிறிது சிறிதாக எழும்பும். மிச்சம் வெட்டு மெசினில் ஒட்டி அடுத்த வயலுக்கும், விதைநெல்லில் கலந்து அடுத்த ஊருக்கும் போகும்.

பன்றிநெல்லைக் கொல்லும் களைநாசினி பொதுவாகப் பயிரையும் கொல்லும். அமெரிக்காவில் 2002 முதல், குறிப்பிட்ட களைநாசினியைத் தாங்கும் நெல்லினங்கள் பயிரிடப்பட்டன. ஆனால் பயிர்நெல்லும் பன்றிநெல்லும் ஒன்றோடொன்று மகரந்தம் கலக்கக்கூடியவை. சில ஆண்டுகளில் களைக்கும் அந்தத் தாங்குதிறன் வந்துவிட்டது.

ஆகவே வேலை விதைப்புக்கு முன்பே தொடங்க வேண்டும். வயலை ஈரமாக்கிக் களையை முளைக்கவிட்டு, உழுது சேறடித்து அழிக்கலாம். இருமுறை செய்தால் நல்லது. முதல் மழைக்கே விதைக்க அவசரப்படும் மானாவாரி வயலில் இதற்குப் பொறுமை வேண்டும். அறுவடை முடிந்த கையோடு ஆழ உழுவது தவறு. மேலே கிடக்கும் மணிகளைப் பறவையும் எலியும் தின்னும். புதைந்தவை நெடுநாள் உயிரோடிருக்கும். நீர் உள்ள இடத்தில் நாற்று நட்டு, வயலில் நீரைத் தேக்கி வைத்தால் புதிய முளைப்பு வெகுவாகக் குறையும். விதைநெல் சான்றளிக்கப்பட்டதாகவும், மெசின் வயலில் இறங்குமுன் துப்புரவாக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இத்தனைக்கும் தப்பித் தலைநீட்டும் கதிர்களை மணி முற்றுமுன் அறுத்து, வரம்பில் போடாமல், வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும்.