முட்டை நாற்றத்துக்குள் ஹைட்ரஜன்

"ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கலாமாமே, என் மகள் பள்ளிக் கண்காட்சியில் செய்து காட்டலாமா?" என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

பிரிக்கலாம். கணக்கைப் பார்த்தால் ஆசையாகவே இருக்கும். ஒரு மோல் தண்ணீரைப் பிரிக்க 286 கிலோஜூல் வேண்டும். அழுகிய முட்டைபோல் நாறும் இந்த வாயுவுக்குச் சுமார் 21 போதும். ஆனால், வெறும் சூட்டால் பிரிப்பதென்றால் 1000 டிகிரி செல்சியஸில்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பிரியும். பிரிந்ததை மெல்ல ஆறவிட்டாலோ, ஹைட்ரஜனும் கந்தகமும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

அம்மா தயிர் கடைந்தது எனக்கு நினைவுக்கு வருகிறது. கோடையில் வெண்ணெய் திரளும் பதம் பார்த்து, மண்பானைத் தண்ணீர் ஒரு செம்பு ஊற்றுவார். சட்டென்று கெட்டிப்படும், உடனே வழித்தெடுத்துவிடுவார். கொஞ்சம் அசந்தால் இளகி மோரோடு போய்விடும். உலையிலும் அதே அவசரம்தான். பிரிந்த கலவையை நொடியில் குளிர்வித்தால் கந்தக ஆவி திரவமாக இறங்கிவிடும், ஹைட்ரஜன் தனித்து நிற்கும். இன்னொரு வழியும் உண்டு. ஹைட்ரஜனை மட்டும் கசியவிடும் சவ்வை வைத்து, பிரியப் பிரிய வெளியே எடுத்துக்கொண்டே இருந்தால், மீதி வாயுவும் மேலும் பிரிந்துகொண்டே வரும்.

என் மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. டீசலிலுள்ள கந்தகத்தை நீக்க, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் ஹைட்ரஜனைச் செலுத்துகின்றன. அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து, கரியமில வாயுவைக் காற்றில் விட்டுத்தான் தயாரிக்கிறார்கள். செலுத்திய ஹைட்ரஜன் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வருகிறது. பிறகு வருவது, 1883இல் கார்ல் ஃபிரெடரிக் க்ளாஸ் காப்புரிமை பெற்ற முறையின் மேம்பட்ட வடிவம். வாயுவில் மூன்றில் ஒரு பங்கை எரித்து, கிடைத்த கந்தக டை ஆக்சைடை மிச்சத்தோடு வினைபுரிய விடுகிறார்கள். கந்தகம் கைக்கு வருகிறது. ஹைட்ரஜன் நீராவியாகப் போய்விடுகிறது. நச்சை ஒழிக்க அது நம்பகமான வழிதான், மறுக்கவில்லை. ஆனாலும் பாடுபட்டுத் தயாரித்ததைத் தண்ணீராக்கிவிட்டு, மறுபடி எரிவாயுவைச் செலவழிப்பது வீண் என்றே எனக்குப் படுகிறது.

கண்காட்சிக்கு வேண்டாம், அம்மா. நாற்றம் எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினாலே மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போய்விடும். கழிவுநீர்க் குழிக்குள் இறக்கிவிடப்பட்ட எத்தனையோ பேரின் உயிரைப் பறித்தது இதே வாயு. உங்கள் மகள் மத்தும் தயிர்ப்பானையும் ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீரும் கொண்டுபோகட்டும். பார்க்க வருகிறவர்களுக்கு விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.