பெங்களூருக்கு வீடு மாத்துறீங்களா? பால் காய்ச்சினா மட்டும் போதாது!

பால் காய்ச்சியாச்சு, வைஃபையும் வந்தாச்சு. ஆனாலும் சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிபோனவர்களுக்கு இன்னும் நாலு வேலை பாக்கி.

வாடகை ஒப்பந்தம்: ஏன் எல்லாரும் 11 மாதத்துக்கே போடுகிறார்கள்? ஓராண்டைத் தாண்டும் குத்தகையை 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்த 11. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் முதல் நாளே போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

கேஸ்: சிலிண்டர், ரெகுலேட்டரைப் பழைய ஏஜென்சியிலேயே ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கோங்க. அடுப்பை மட்டும் கொண்டுபோனால் போதும்.

பைக்: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-ன்படி மறுபதிவு கட்டாயம். அதற்குப் பழைய ஆர்டிஓ தரும் என்ஓசி தேவை.

ஓட்டு: பலரும் தள்ளிப்போடுவது இதைத்தான். ஊரில் பெயர் இருக்கே என்று விட்டுவிடுவார்கள். தேர்தல் நேரத்தில் டிக்கெட் கிடைக்காது, ஓட்டும் போச்சு. இரண்டு தொகுதியிலும் பெயர் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆன்லைனில் படிவம் 8 நிரப்பினால் புதிய முகவரிக்கு மாற்றலாம்.

கோடையில் தண்ணி லாரிக்குக் காசு கொடுக்கப்போவது புது ஊரில்தான். அங்கே கேள்வி கேட்க ஓட்டும் அங்கேதானே இருக்கணும்?